லாந்தர் ஏந்திய மந்திரவாதி: மலையகக் குளிரில் சிற்றுருவம் தீட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ஒளியைத் தீட்டுவது என்றால் வெள்ளையைக் கூட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். மினியேச்சர் உருவங்களைத் தீட்டத் தொடங்கும் எவரும் முதலில் விட வேண்டிய எண்ணம் இது. ஒரு விளக்கு எரிகிறது என்று கண் நம்புவது, அதைச் சுற்றியுள்ளவை இருண்டிருப்பதால்தான். நம்மிடம் உள்ள மிக வெளிச்சமான நிறம் புட்டிக்குள் இருக்கும் வெள்ளை. அதற்கு மேல் ஒரு படிகூட ஏற முடியாது. இருட்டின் பக்கம் இறங்குவதற்கோ நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தைத் துணிந்து பயன்படுத்துகிறவர் கையில்தான் லாந்தர் எரியும்.

இதற்கு இரண்டு உத்திகள் போதும். ஸ்டிப்ளிங் எனப்படும் புள்ளியிடல் ஒன்று. கிளேசிங் எனப்படும் மென்படலப் பூச்சு மற்றொன்று. இரண்டையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்தினால் குழப்பம்தான் மிஞ்சும். எது வெளிச்சம், எது இருள் என்பதைப் புள்ளிகள் தீர்மானிக்கட்டும். என்ன நிறம் என்பதை மென்படலம் தீர்மானிக்கட்டும். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் பின்வரும் எல்லாப் படிகளும் ஒழுங்காக வந்து சேரும்.

எடுத்துக்காட்டாக 32 மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு முதிய மந்திரவாதியை எடுத்துக்கொள்வோம். தலையையும் மூடிய நீலக் கம்பளி அங்கி, தோளில் தோல் பை, வலக்கையில் தடி, இடக்கையில் இடுப்புயரத்தில் ஒரு லாந்தர். மழையில் கொங்காணி போட்டுக்கொண்டு மலையேறுபவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஈரக் கம்பளியின் மடிப்பு எப்படிக் கனத்து விழும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தூரிகைக்கு முன்னால் வானிலை

இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் உலர்ந்த, சூடேற்றிய அறைகளில் இருப்பவர்கள் சொல்வது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அவை அப்படியே பொருந்தாது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்திலும் இதே கதைதான்.

அக்ரிலிக் நிறம் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்கள். நீர் ஆவியானதும் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. வெப்பநிலை ஏறத்தாழ 9 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அவை சரியாக இணைவதில்லை. காய்ந்துவிட்டது போலத் தோன்றும் பூச்சு, விரல் பட்டதும் தூளாக உதிரும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்லில் உறைபனி படியும் அதிகாலைகளில் தூரிகையைத் தொடாதீர்கள். வெயில் ஏறிய பிறகு உட்காருங்கள்.

குளிரை விடப் பெரிய தொல்லை ஈரப்பதன். நிறம் பிடிக்க முதலில் கொடுக்கும் பூச்சுதான் பிரைமர். ஸ்பிரே பிரைமரை மூடுபனிக்குள் அடித்தால், துளிகள் உருவத்தைச் சேருமுன் ஈரத்தை வாங்கிக்கொண்டு மணல் மணலாகப் படிகின்றன. முகத்தில் மணல் படிந்த உருவத்தை எந்த நுட்பத்தாலும் மீட்க முடியாது. கழுவி எடுத்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். எனவே பருவம் பார்த்து அடியுங்கள். மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், திம்புள்ள பக்கத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை காற்று உலர்ந்திருக்கும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தேயிலைக்கு நறுமணம் ஏறும் தரப் பருவங்கள் இவைதாம் என்பது தோட்டத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். கொழுந்துக்கு மணம் சேர்க்கும் அதே வறண்ட காற்று பிரைமருக்கும் நல்லது. ஒரு வருடத்துக்கான உருவங்களை அந்த வாரங்களில் மொத்தமாகப் பிரைம் செய்து டப்பாவில் அடுக்கிவைப்பது புத்திசாலித்தனம்.

பருவம் தவறிவிட்டால் தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமரை வாங்குங்கள். ஒரே பூச்சாகத் தடிப்பாகப் பூசாமல், மெலிதாக இரண்டு பூச்சு. பூசிய பின் ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். அவசரத்துக்காக அடுப்படியில் மேலே தொங்கவிட்டுக் காயவைக்கும் பழக்கம் வேண்டாம். விறகுப் புகையின் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். மென்மையான பிவிசி உருவமாக இருந்தால் வாளும் தடியும் அந்தச் சூட்டிலேயே வளைந்துவிடும். வளைந்து வந்த தடியை நிமிர்த்துவதற்கும் அதே குணம்தான் உதவுகிறது: சுடுநீரில் சில செக்கன்கள் அமிழ்த்தி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். இதையும், சவர்க்காரத் தண்ணீரில் பழைய பற்தூரிகையால் கழுவி அச்சு எண்ணெயைப் போக்குவதையும் பிரைமருக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

மேசையில் இருக்க வேண்டியவை

நல்ல கூர் நிற்கும் 1 அல்லது 2 இலக்கத் தூரிகை ஒன்று. மிகச் சிறிய இலக்கத் தூரிகைகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் நிற்கும் நிறம் உருவத்தைத் தொடுமுன்பே காய்ந்துவிடும். கூர்மைதான் முக்கியம், பருமன் அல்ல. முனை தேய்ந்த பழைய தூரிகை ஒன்றையும் எறியாமல் வைத்திருங்கள். முனையைத் தட்டையாக வெட்டினால் அது புள்ளியிடும் கருவியாகிவிடும்.

நிறம் காயாமல் வைத்துக் கலக்க ஈரத் தட்டு ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம். மூடியுள்ள ஆழமில்லாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரமான டிஷ்யூ நான்கைந்து மடிப்பு, அதன் மேல் பேக்கிங் கடதாசி. நம் ஈரக் காற்றில் டிஷ்யூவைச் சொட்டச் சொட்ட நனைத்தால் நிறம் தானாகவே நீர்த்துப்போகும். பிழிந்த ஈரம் போதும். ஒரு வாரம் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், கொதித்தாறிய நீரையே ஊற்றி, டிஷ்யூவை அடிக்கடி மாற்றுங்கள்.

வெளிச்சத்துக்கு, 5,000 முதல் 6,500 கெல்வின் வரையிலான வெள்ளை எல்ஈடி மின்குமிழ் வேண்டும். மஞ்சள் குமிழின் கீழ் தீட்டிய செம்மஞ்சளைப் பகலில் பார்த்தால் வேறு நிறமாக இருக்கும். ஜன்னலோரம் உட்காருவது நல்லதுதான், ஆனால் மூடுபனி நாளில் நிழலே விழாத பரவலான வெளிச்சம்தான் வரும். நிறம் கலக்க அது அருமையானது. உருவத்தின் மேடு பள்ளங்களைப் படிக்க உதவாது.

நகர்ப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் மாணவர் அக்ரிலிக் குழாய்களைக் கொண்டும் தொடங்கலாம். அவற்றின் நிறத்துகள் சற்றுப் பருமனானவை, புள்ளியிடலுக்குப் பரவாயில்லை. மென்படலத்துக்கு மட்டும் மினியேச்சர் நிறங்களோ அக்ரிலிக் மையோ சில புட்டிகள் வாங்கிக்கொள்வது நல்லது.

விளக்கின் இடத்திலிருந்து பாருங்கள்

நிறம் தொடுமுன் செய்ய வேண்டிய இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போகிறார்கள். பிரைம் செய்த உருவத்தை இரவில் எடுத்துக்கொள்ளுங்கள். அறை விளக்குகளை அணையுங்கள். ஒரு சிறிய எல்ஈடியை, லாந்தர் இருக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகில் பிடித்து, நான்கு பக்கமும் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். மின்வெட்டு வந்தால் அதையும் வீணாக்காதீர்கள். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, வீட்டில் இருப்பவர்களின் முகத்தில் வெளிச்சம் எங்கே நிற்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்று கவனியுங்கள்.

படத்தில் தெரியும் விதி எளிது. உங்கள் கண் லாந்தருக்குள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அங்கிருந்து தெரியும் பரப்புகளுக்கு மட்டும் வெளிச்சம் கிடைக்கும், தெரியாதவற்றுக்குக் கிடைக்காது. இடுப்புயர லாந்தருக்கு நாடியின் அடிப்பாகம், மூக்கின் கீழ்ப்புறம், புருவ மேட்டின் அடி, முக்காட்டின் உள்விளிம்பு, கைப்பிடியைப் பற்றிய விரல்களின் கீழ்ப்பக்கம் ஆகியவை தெரியும். உச்சந்தலையும் தோளின் மேற்புறமும் தெரியாது. வழக்கமாக மேலிருந்து வெளிச்சம் தீட்டிப் பழகிய கை இங்கே அடம்பிடிக்கும். அதனால்தான் அந்தப் படங்களை மேசையில் கண்முன் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அடுத்தது தூரம். ஒரு புள்ளியிலிருந்து பரவும் ஒளி, தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. நான்கு மடங்கானால் பதினாறில் ஒன்று. லாந்தரிலிருந்து 5 மில்லிமீற்றரில் அங்கியின் மடிப்பு, 10 மில்லிமீற்றரில் நாடி, 20 மில்லிமீற்றரில் பாதத்தின் நுனி என்றால், பாதத்துக்கு வருவது மடிப்புக்கு வருவதில் பதினாறில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை எழுத்துக்கு எழுத்து தீட்ட வேண்டியதில்லை. ஆனால் உருவம் முழுவதையும் செம்மஞ்சளில் குளிப்பாட்டும் ஆசை வரும்போது, இந்தப் பதினாறில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளியிடல்

கறுப்புப் பிரைமரின் மேல் கறுப்பும் அடர்நீலமும் சிறிது சாம்பலும் கலந்த அடிப்பூச்சை உருவம் முழுவதும் கொடுங்கள். இதுதான் நம் இரவு. இனிப் புள்ளிகளை நான்கு படிகளில் ஏற்றுகிறோம்: அடர்சாம்பல், நடுச்சாம்பல், வெளிர்சாம்பல், பழுப்பேறிய வெள்ளை. சாம்பலிலேயே செய்வதற்குக் காரணம், நிறம் கண்ணை ஏமாற்றும் என்பதுதான். ஒளியளவு சரியா தவறா என்பது சாம்பலில் ஒளிந்துகொள்ள முடியாது.

நிறத்தையும் நீரையும் ஏறத்தாழச் சமமாகக் கலந்துகொள்ளுங்கள். தூரிகையின் நுனியை மட்டும் தோய்த்து, டிஷ்யூவில் ஒருமுறை தொட்டு, உங்கள் பெருவிரல் நகத்தில் இரண்டு புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளி பரவினால் நீர் அதிகம். வால் முளைத்தால் கெட்டி. தூரிகையைப் பரப்புக்குச் செங்குத்தாகக் கொண்டுபோய்த் தொட்டு உடனே எடுங்கள். இழுக்கக் கூடாது. இரு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்தி வைத்துக்கொண்டால் நடுக்கம் குறையும்.

அடர்சாம்பல் புள்ளிகள், விளக்கு தொடும் பகுதி முழுவதிலும் தாராளமாக. நடுச்சாம்பல், அதன் உள்ளே சுருங்கிய பரப்பில். வெளிர்சாம்பல், இன்னும் சுருங்கிய பரப்பில். வெள்ளைப் புள்ளிகள் விளக்குக்கு நேர் எதிரான மடிப்பு முகடுகளிலும் விரல்களிலும் மூக்கின் அடியிலும் மட்டும். ஒவ்வொரு படியின் எல்லையிலும் புள்ளிகளைத் தூரம் தூரமாக வையுங்கள், நடுவில் நெருக்குங்கள். கை நீளத் தூரத்திலிருந்து பார்க்கும்போது அவை கண்ணுக்குள்ளேயே கலந்து ஒரே சாய்வாகத் தெரியும். 1880களில் பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் சோரா பெரிய கித்தான்களில் செய்து காட்டியது இந்தக் கண்கலப்பைத்தான். நமக்கு இடம் குறைவு, எனவே ஒரு மில்லிமீற்றருக்குள் நான்கைந்து புள்ளிகள் அடங்கும் அளவுக்குச் சிறியதாக வேண்டும்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் புள்ளி வைத்தால் உருவம் உயிரிழந்துவிடும். கம்பளி அங்கியில், தட்டையாக வெட்டிய பழைய தூரிகையால் கரடுமுரடாகவே குத்துங்கள். அந்த ஒழுங்கின்மையே நெய்த கம்பளியாகத் தோன்றும். தோல் பையில் விளிம்புகளில் புள்ளிகளோடு சில சிறு கீறல்களும் சேரட்டும். முகத்தில் மட்டும் மிக நுண்ணிய கூர்முனைப் புள்ளிகள், மிகுந்த பொறுமையோடு.

தவறான இடத்தில் புள்ளி விழுந்தால் துடைக்க முயலாதீர்கள். பக்கத்துப் புள்ளிகளும் கலைந்துவிடும். காயவிட்டு, அடுத்துள்ள இருண்ட நிறத்தால் அதன்மேல் ஒரு புள்ளி வையுங்கள். உண்மையில் வெளிச்சப் புள்ளிகளுக்குள் இருட்டுப் புள்ளிகளை மறுபடி நுழைப்பது பிழைதிருத்தம் மட்டுமல்ல, சாய்வை மென்மையாக்கும் சிறந்த வழியும் அதுவே.

கண்களை இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். கோயில் சிற்பங்களுக்குக் கண் திறப்பது கடைசி வேலை. ஆனால் இவ்வளவு சிறிய முகத்தில், முக்காட்டுக்குள் நுழையும் தூரிகை கன்னத்தில் பட்டுவிடும் என்பதால், கன்னத்தைத் தீட்டுமுன் கண் முடிந்திருப்பது நல்லது.

சாம்பல் வேலை முடிந்ததும் ஒரு கறுப்புவெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். விளக்கை இன்னும் தீட்டவே இல்லை, ஆனாலும் அது எங்கே இருக்கிறது என்று படத்தைப் பார்க்கும் வேறொருவர் சுட்டிக்காட்ட வேண்டும். முடியவில்லையென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் தேவைப்படுவது இன்னும் இருட்டுதான்.

மென்படலம்

ஒரு பங்கு நிறத்துக்கு ஐந்து பங்கு கிளேஸ் மீடியமும் (நிறத்தை மெலிதாக்கும் நிறமற்ற பிசின் திரவம்) நீரும் சேர்ந்த கலவை. வெறும் நீரை மட்டும் சேர்த்தால் பிசின் மிகவும் நீர்த்துப்போய், காய்ந்தபின் திட்டுத் திட்டாகும். மீடியம் பாதியாவது இருக்கட்டும். பதம் சரியா என்று பார்க்கப் பத்திரிகைத் தாளில் ஒரு கோடு இழுங்கள். கீழே உள்ள எழுத்தைத் தடையின்றி வாசிக்க முடிய வேண்டும்.

தூரிகையை நிரப்பி, டிஷ்யூவில் வைத்து அதிகமானதை உறிஞ்சவிடுங்கள். இந்த ஒரு அசைவை மறந்தால் அது மென்படலம் ஆகாது. பள்ளங்களில் தேங்கும் குட்டையாகிவிடும். பின்பு, நிறம் எங்கே அடர்ந்திருக்க வேண்டுமோ அந்தத் திசை நோக்கி இழுங்கள். தூரிகை எங்கே பரப்பை விட்டு எழுகிறதோ அங்கேதான் நிறத்துகள் அதிகம் படியும். நிழலுக்கான நீலத்தை வெளிச்சத்திலிருந்து இருளை நோக்கி இழுங்கள். விளக்கின் செம்மஞ்சளை இருளிலிருந்து விளக்கை நோக்கி இழுங்கள்.

நம் பக்கத்தில் ஒரு பூச்சு காய எடுக்கும் நேரம்தான் பொறுமையைச் சோதிக்கிறது. காயத் தாமதமாகும்போது நிறத்துகள் வழிந்து பள்ளங்களிலும் விளிம்புகளிலும் சேர நேரம் கிடைத்துவிடுகிறது. அதனால் விளிம்புக் கறை விழுகிறது. தூரிகையில் இன்னும் குறைவாக நிறம் எடுங்கள், நீரைக் குறைத்து மீடியத்தைக் கூட்டுங்கள். மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு முழுதாக மறைந்த பின்பே அடுத்த பூச்சு. பாதி காய்ந்த படலத்தின் மேல் தூரிகை போனால் அடியில் உள்ளதும் கிழிந்து வரும். முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தூரத்தில் பிடித்தால் வேலை விரைவாகும். மூன்று உருவங்களைச் சுழற்சியாகத் தீட்டுவது அதைவிட நல்ல வழி. ஒன்று காயும்போது கை அடுத்ததில் இருக்கும்.

அங்கிக்கு நீலம், பைக்குச் செம்பழுப்பு, தடிக்குச் சாம்பல்பழுப்பு. ஒவ்வொன்றும் மூன்று முதல் ஆறு படலங்கள். புள்ளிகளின் கடுமை படலத்துக்குப் படலம் தணிந்து, எல்லாம் ஒன்றிணைவதை நீங்களே காண்பீர்கள்.

தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வழிகாட்டிகள் வெளிறிய தோலைத்தான் கற்றுத்தருகின்றன. நம்மைப் போன்ற கரும்பழுப்புத் தோலில் வெளிச்சம் நடந்துகொள்ளும் விதம் வேறு: பரந்து வெளுப்பதில்லை, எலும்பு மேடுகளில் சிறியதாக, கூர்மையாக மின்னும். எனவே முகத்தில் நடுநிறத்தை அகலமாக இருண்டதாகவே விட்டு, கன்னமேட்டிலும் மூக்கு நுனியிலும் கீழுதட்டிலும் மட்டும் சிறிய பளிச்சிடும் புள்ளிகள் வையுங்கள். மூக்கு, காது, உதடு ஆகியவற்றின் மேல் செம்பழுப்புப் படலம். தாடிக்கு அடியில் நீலச்சாம்பல் படலம். நிழலுக்குக் கறுப்பைச் சேர்க்காதீர்கள், தோல் சாம்பலாகச் செத்துவிடும். அடர்பழுப்பில் ஒரு துளி நீலம் போதும்.

விளக்கை ஏற்றுதல்

மெழுகுவர்த்திச் சுடரின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 1,900 கெல்வின். எண்ணெய் விளக்கின் சுடரும் அதற்கு அருகில்தான். அந்த ஒளியில் நீலம் மிகக் குறைவு. நீலக் கம்பளி திருப்பியனுப்பக்கூடியதோ பெரும்பாலும் நீலம்தான். ஆகவே லாந்தருக்குப் பக்கத்திலுள்ள நீல அங்கி பளிச்சென்ற செம்மஞ்சளாக மாறாது. மங்கிய பழுப்புச் சாம்பலாகும். முதல் இரண்டு படலங்களை இந்தப் பழுப்புச் சாம்பலில் கொடுங்கள். செம்மஞ்சளை மிக நெருங்கிய முகடுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோலும் தோல் பையும் அப்படியல்ல. அவற்றில் சிவப்பு இருப்பதால் விளக்கொளியை உற்சாகமாக வாங்கிக்கொள்ளும். ஒரே விளக்கு வெவ்வேறு பொருளில் வெவ்வேறு விதமாக விழுவதைக் காட்டும்போதுதான் பார்ப்பவர் நம்புகிறார்.

வரிசை இது: விளக்கிலிருந்து விலகிய பகுதிகளுக்கு அடர்நீல ஊதாப் படலம் ஒன்று, தேவைப்பட்டால் இன்னொன்று. பிறகு விளக்குப் பக்கம் செம்பழுப்பு (நீல அங்கியில் அந்தப் பழுப்புச் சாம்பல்), அதற்குள் செம்மஞ்சள், அதற்குள் மஞ்சள், ஒவ்வொன்றும் முந்தையதை விடச் சிறிய பரப்பில். படலங்கள் வெளிச்சத்தைச் சற்று மங்கவைத்திருக்கும். இளமஞ்சளால் முகடுகளில் சில புள்ளிகளை மீண்டும் வையுங்கள், அவற்றின்மேல் கடைசியாக மிக மெல்லிய மஞ்சள் படலம்.

லாந்தரைத் தீட்டுவது எல்லாவற்றுக்கும் தலைகீழ். மற்ற இடங்களில் மேடு வெளிச்சம், பள்ளம் இருட்டு; இங்கே உள்ளே இருக்கும் சுடர்தான் உச்சம். கண்ணாடிப் பகுதிக்குத் தூய வெள்ளை, அதன்மேல் நடுவை விட்டுவிட்டு மஞ்சள் படலம், ஓரங்களில் செம்மஞ்சள். உருவம் முழுவதிலும் தூய வெள்ளை இருக்கும் ஒரே இடம் இதுவாக இருக்கட்டும். சட்டத்தின் வெளிப்புறத்தைப் பளபளக்க வைக்க வேண்டாம். உள்ளிருக்கும் சுடர் வெளிப்புறத் தகட்டின் மேல் விழ முடியாது. அது கறுப்பாக நிற்க நிற்கத்தான் கண்ணாடி ஒளிரும். சட்டக் கம்பிகளின் உள்விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய செம்மஞ்சள் கோடு.

தோளின் மேற்புறம் முழுக் கறுப்பாகத் தெரிந்தால், அந்தி மூடுபனியின் நீலச்சாம்பலில் சில அரிதான புள்ளிகள் வையுங்கள். அது திசையற்ற வெளிச்சம், நிழல் விழுத்தாது. அதனால் கூர்மையான விளிம்புகள் வேண்டாம். இந்தக் குளிர்நிறம் எதிரே நிற்பதால் விளக்கின் வெம்மை இன்னும் கூடித் தெரியும். பனிக்குள் விளக்கைச் சுற்றி எழும் ஒளிவட்டத்தையும் தீட்ட ஆசை வரும். அந்த வட்டம் காற்றில் இருப்பது. அங்கியின் மேல் வட்டமாகத் தீட்டினால் கறை போலத்தான் தெரியும். விட்டுவிடுங்கள்.

பேஸும் வர்னிஷும்

காலடி நிலத்தை, அதாவது உருவம் நிற்கும் பேஸை, மறக்க வேண்டாம். லாந்தருக்குக் கீழே விழும் வெளிச்சமும், கால்களுக்குப் பின்னால் நீளும் நிழலும் இல்லாவிட்டால் உருவம் வேறெங்கோ மிதக்கும். உதிர்ந்த இலைகளுக்கு, வடிகட்டிய தேயிலைச் சக்கையை நன்றாக வெயிலில் காயவைத்துப் பசையில் தூவலாம். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சணம் பூக்கும் என்பதால், ஒட்டிய பின் நீர்த்த பசையால் மேலும் ஒருமுறை மூடுங்கள்.

ஸ்பிரே வர்னிஷை மழைக்காலத்தில் அடித்தால் வெண்பனி படிந்தது போல வெளுத்துவிடும். தூரிகையால் பூசும், பளபளப்பில்லாத மட் வர்னிஷே பாதுகாப்பு, அதுவும் மெலிதாக இரண்டு பூச்சு. மட் வர்னிஷ் இருண்ட படலங்களைச் சற்று வெளுக்கச் செய்யும். காய்ந்தபின் மிக ஆழமான நிழல்களில் ஒரு அடர்நீலப் படலத்தைத் திரும்பக் கொடுத்துச் சரிசெய்யலாம். லாந்தர்க் கண்ணாடிக்கும் கண்களுக்கும் மட்டும் பளபளப்பு வர்னிஷ் ஒரு துளி.

முடிந்த உருவத்தை, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வர்னிஷ் முழுமையாக இறுகச் சில நாட்கள் ஆகும் என்பதால், அதுவரை ஒன்றோடொன்று உரச விடாதீர்கள். பஞ்சில் சுற்றவும் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். பேஸின் அடியில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, டப்பாவின் அடியில் தகரத் துண்டு வைத்தால், மலைப்பாதையில் பஸ் எத்தனை வளைவு திரும்பினாலும் மந்திரவாதி நின்ற இடத்திலேயே நிற்பார்.